நீங்க எந்த குரூப்பு?

நேற்று சாயங்காலம் என்னைக் கேட்காமலே ஒரு குரூப்பில் சேர்த்துவிட்டார்கள். பெயர் 'நம்ம சொந்தம் - புதுசு'. அந்தப் 'புதுசு'தான் வயிற்றைக் கலக்குகிறது. பழசில் இருக்கும் யாரோ ஒருவர் இதில் இல்லை. அவர் யார் என்பது ராத்திரிக்குள் எனக்குத் தெரிந்துவிடும். காலையில் அவருக்கும் தெரிந்துவிடும். அதற்கு அப்புறம் வருகிறேன். 'குரூப்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு நாம் அடிக்கும் கூத்தைப் பற்றி முக்கியமான ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும்.

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். பையன் சாப்பிட்டானா, தூங்கினானா என்று ஒருவரும் கேட்பதில்லை. "என்ன குரூப் எடுக்கிறான்?" 1978இல் பிளஸ் டூ வந்த நாளிலிருந்து இதே கேள்விதான். ஃபர்ஸ்ட் குரூப் என்றால் அப்பா வாசலில் நின்று பதில் சொல்வார். காமர்ஸ் என்றால் அடுப்படிப் பக்கமிருந்து அம்மா, "அவனுக்கு அதுலதான் இன்ட்ரஸ்ட்" என்பார். அந்தக் காமர்ஸ் பையன்தான் ஆடிட்டராகி, ஃபர்ஸ்ட் குரூப் எடுத்தவர்களின் வருமான வரிக் கணக்கைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறான்.

பள்ளிக்கூடத்தோடு விட்டதா என்றால், இல்லை. அடுத்து சர்வீஸ் கமிஷன். இந்தியாவிலேயே முதல் மாகாணத் தேர்வாணையம் 1929இல் சென்னையில்தான் தொடங்கியது. மனிதர்களுக்கு நம்பர் போடுவதில் நாம் என்றுமே முன்னோடி. குரூப் ஒன் என்றால் டெபுடி கலெக்டர், டி.எஸ்.பி. குரூப் ஃபோர் என்றால் வி.ஏ.ஓ., ஜூனியர் அசிஸ்டென்ட், டைப்பிஸ்ட். பத்தாம் வகுப்பு போதும் என்கிற குரூப் ஃபோருக்கு இன்ஜினியரிங் முடித்தவர்கள் ஹால் டிக்கெட்டோடு நிற்கிறார்கள். ஃபர்ஸ்ட் குரூப் எடுத்துப் படித்து குரூப் ஃபோருக்கு வருவதை முன்னேற்றம் என்பதா, வேறென்ன என்பதா, அதைக் கணக்கு வாத்தியார்தான் சொல்ல வேண்டும். கல்யாணத் தரகருக்கு இந்தக் குழப்பமெல்லாம் கிடையாது. "பையன் குரூப் டூ" என்று அவர் சொன்னால் ஜாதகத்தையே மூடி வைத்துவிடுகிறார்கள்.

ரத்தம் இன்னும் மோசம். கார்ல் லேண்ட்ஸ்டைனர் 1901இல் மனித ரத்தத்தை மூன்று வகையாகப் பிரித்தார். அடுத்த வருஷமே ஏபி வந்து சேர்ந்துகொண்டது. 1952இல் பம்பாய் டாக்டர்கள், இந்த நாலிலும் அடங்காத ஒரு ரத்தத்தைக் கண்டுபிடித்தார்கள். எந்தக் குரூப்பிலும் இல்லாமல் நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்த ரத்தம். விட்டார்களா? 'பாம்பே குரூப்' என்று பெயர் வைத்துச் சேர்த்துவிட்டார்கள். ரத்தத்துக்கே தப்பிக்க வழியில்லாதபோது நான் எம்மாத்திரம்?

விமானப் படையில் குரூப் கேப்டன் என்றொரு பதவி உண்டு. ராணுவத்துக் கர்னலுக்குச் சமம். 2010இல் சச்சினுக்குக் கௌரவமாகக் கொடுத்தார்கள். பெரிய பதவிதான். ஆனாலும் அவருக்கு மேலே ஏர் கமடோர் இருக்கிறார், அவருக்கும் மேலே ஏர் மார்ஷல்கள் இருக்கிறார்கள். குரூப் அட்மினுக்கு மேலே யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள்.

எங்கள் அத்தைதான் அட்மின். முதலில் 'நம்ம சொந்தம்' மட்டும்தான் இருந்தது. காலையில் சித்தப்பாவின் ரோஜாப்பூ, ராத்திரி மாமாவின் நிலா. நடுவில் மச்சான் தேர்தலைப் பற்றி ஒரு வீடியோ போட, மாமா பதில் போட, சித்தப்பா மூன்று நாள் ரோஜாப்பூவை நிறுத்திவைக்க, 'நம்ம சொந்தம் - அரசியல் வேண்டாம்' பிறந்தது. அதில் முதல் செய்தியே மச்சானின் அரசியல் வீடியோ. பிறகு அத்தை மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. 'மீனா கல்யாணம்'. ஒரு வாரத்தில் 'மீனா கல்யாணம் - சமையல்'. சாம்பாரில் முருங்கைக்காயா, சின்ன வெங்காயமா என்று அறுபது குரல் பதிவுகள் வந்தன. அத்தனையிலும் பின்னணியில் பிரஷர் குக்கர். பெரியப்பா கேட்டரிங் ரேட்டில் தலையிட்டார். மறுநாள் 'மீனா கல்யாணம் - சமையல் - பெரியப்பா இல்லாம'. பெயரையே இப்படி வைக்கிறவர்கள் ரகசியம் காக்கிறார்களாம்! அதன் ஸ்கிரீன்ஷாட்டைப் பெரியப்பா பையன் பழைய குரூப்பில் போட்டான். சமாதானத்துக்கென்று ஒரு குரூப். சமாதானப் பேச்சில் யாரை விட்டோம் என்று பேச இன்னொன்று. மீனாவின் குழந்தை யு.கே.ஜி. போகிறது. 'மீனா கல்யாணம்' இன்னும் ஓடுகிறது. டி.பி.யில் பத்திரிகை அட்டை, உள்ளே தங்கம் விலை.

வெளியே வந்துவிடலாமே என்பீர்கள். 2022இல் வாட்ஸ்அப்காரர்கள் ஒரு வசதி செய்து கொடுத்தார்கள். நீங்கள் வெளியேறினால் மற்றவர்களுக்கு அறிவிப்பு போகாது, அட்மினுக்கு மட்டும்தான் போகுமாம். இதை யோசித்தவருக்கு அத்தையே கிடையாது என்பது நிச்சயம். அத்தைக்குத் தெரிந்த பிறகு மற்றவர்களுக்குத் தெரிய என்ன பாக்கி? அதே வருஷம் ஒரு குரூப்பில் 1,024 பேர் வரை சேரலாம் என்றும் ஆக்கினார்கள். எங்கள் அத்தையைக் கேட்டால், ஆள் போதவில்லை என்பார்.

முடிவு ஒன்று சொல்ல வந்தேன் அல்லவா? இதோ, இந்தப் பாராவில்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்குள் போன் ஏழு தடவை சிணுங்கிவிட்டது. புதுசில் இல்லாதவர் யார் என்று தெரிந்துவிட்டது. சித்தப்பா. ரோஜாப்பூவைத் தவிர அந்த மனுஷன் என்ன பாவம் செய்தார்?

அட்மின்களுக்கு ஒரு வேண்டுகோள். முகூர்த்தம் முடிந்தால் பந்தலைப் பிரிக்கிறீர்கள், அண்டா குண்டாவை வாடகைக் கடையில் எண்ணிக் கொடுக்கிறீர்கள். குரூப்பையும் அன்றைக்கே கலைத்துவிடுங்கள். சேதி இருந்தால் எனக்குத் தனியாக போன் பண்ணுங்கள். ரத்தம் வேண்டுமென்றாலும் பண்ணலாம், பி பாசிட்டிவ்.