தயிர்ச் சேமியாவின் தகுதிநிலை: அய்யலூர் அடுப்படியை முன்வைத்து ஓர் ஆய்வு

சேமியா பாயசமானால் யாரும் வழக்காடுவதில்லை. உப்புமாவானால் முகம் சுளிப்பதோடு சரி. தயிரில் விழும்போதுதான் அறிஞர் உலகம் திணறுகிறது: இது சோற்று வகையா, தொட்டுக்கையா? திருச்சி–திண்டுக்கல் சாலையில் போகிறவர்கள் அய்யலூரின் தக்காளியையும் வியாழக்கிழமை ஆட்டுச் சந்தையையும் பார்க்கிறார்கள், இச்சிக்கலைப் பார்ப்பதில்லை. அணில் சேமியா தயாராகும் திண்டுக்கல்லைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இவ்வளவு அலட்சியம் கூடாது.

வரலாற்றைச் சுருக்கமாக முடித்துவிடலாம். சீனாவின் லாஜியாவில் கவிழ்ந்து கிடந்த மண்கிண்ணத்தின் அடியில் சுமார் 4000 ஆண்டுப் பழைய தினை நூடுல்ஸ் அகப்பட்டதாக 2005-ல் 'நேச்சர்' இதழ் வெளியிட்டது. கிண்ணத்தில் தயிரோ தாளித்த கடுகோ இருந்ததாகச் செய்தி இல்லை. ஆகவே சேமியாவைத் தயிரில் சேர்த்த பெருமைக்கு நாம் உரிமை கோரத் தடையில்லை.

செய்முறையில் இரு மரபுகள் இருந்தன: நெய்யில் வறுத்து வேகவைப்போர், வறுக்காமலே கொதிநீரில் போடுவோர். வறுத்த சேமியா பாக்கெட்டிலேயே வந்த பிறகு அந்தச் சண்டை ஓய்ந்துவிட்டது. ஆறவிடும் சண்டை மட்டும் ஓயவில்லை. வெந்த சேமியாவிலிருந்து கசியும் மாவுச்சத்து இழைகளின் மேல் பசையாகப் படியும். சல்லடையில் வடித்து உடனே பச்சைத் தண்ணீர் விட்டு அலசாவிட்டால், ஆற ஆறக் கட்டி விழும். அலசியும் ஆறாத சூட்டோடு தயிரை ஊற்றினாலோ, தயிர் திரிந்து நீர் பிரியும். இவ்விரு ஆபத்துக்கும் நடுவே அய்யலூர் வீடுகளில் பயன்படும் வெப்பமானி, மாமியாரின் புறங்கை. சட்டியின் பக்கவாட்டில் அதை வைத்து, "இன்னும் சுடுதே தாயி, அதுக்குள்ள தயிரைத் தூக்கிட்டு வந்துட்டே" என்று அறிவிக்கப்படும் முடிவுக்கு மேல்முறையீடு இல்லை. பிறகு கொஞ்சம் காய்ச்சி ஆறிய பால், புளிக்காத தயிர், உப்பு; கடுகு, உளுந்து, இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலைத் தாளிப்பு. மாதுளை முத்து போடுவோரை இவ்வாய்வு மன்னிக்கிறது. திராட்சை போடுவோர் குறித்து மேலாய்வு தேவை.

பாலை மிச்சம் பிடிக்கக் கூடாது. பரிமாறக் காத்திருக்கும் நேரத்தில் சேமியா ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு களிபோல் நிற்கும், தயிரும் புளிப்பேறும்.

தகுதிநிலைக்கு வருவோம். விருந்து இலையின் மேல்பாதியில், கூட்டுக்குப் பக்கத்தில் சிறு கரண்டியால் வைத்தால் அது தொட்டுக்கை. "இன்னும் கொஞ்சம் வைங்க" என்று கேட்டு வாங்கிக் கீழ்ப்பாதிக்கு இறக்கிக்கொண்டால், அந்தக் கணமே சோற்று வகை. பிறகு அதற்கே தொட்டுக்கை தேவைப்படுகிறது. ஊறுகாய்க்காரரைக் கூப்பிட வேண்டியதுதான்.