அந்த 90 நாள்

கேள்வி: சென்னையில் ஐ.டி. வேலை. சேர்ந்து 4 வருடம் 3 மாதம். வேறொரு கம்பெனி 30 சதவீதம் கூடுதல் சம்பளம் தருகிறது. எங்கு பார்த்தாலும் ஆட்குறைப்புப் பேச்சு. மாறலாமா?

பதில்: பெண் கொடுக்கும் முன் மாப்பிள்ளை வீட்டை விசாரிப்பதுபோல் புது கம்பெனியை விசாரியுங்கள். கையில் ப்ராஜெக்ட் இருக்கிறதா, ப்ராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்? உங்கள் நோட்டீஸ் காலம் 90 நாள் என்றால், அதற்குள் ஆஃபர் கடிதமே வாபஸ் ஆகலாம். எனக்குப் பயம் அந்த 90 நாளில்தான். இன்னொன்று, இப்போதைய இடத்தில் 5 வருடம் முடித்தால் கிராஜுவிட்டி உண்டு. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 52,000 என்றால் 1,50,000 ரூபாய். இன்னும் 9 மாதம் சுமந்தால் கைக்கு வரும் பிள்ளை அது! அதை விடத் தயாராக இருந்து, ஆறு மாத வீட்டுச் செலவுக்குச் சேமிப்பும் இருந்தால் தைரியமாக மாறுங்கள். பி.எஃப். பணத்தை மட்டும் எடுத்துவிடாதீர்கள், புது இடத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.