பதின்மூன்றாவது ஆள்

நீஸ் நகரில் வேலை பார்க்கும் அக்கா மகன், "ரயில் ஏறினா அரை மணியில மொனாக்கோ, மாமா" என்று கூட்டிப் போனான். எர்க்யூல் துறைமுகத்தில் வெள்ளைவெளேரென்று நின்ற ஒன்றைப் பார்த்து, "எவ்வளவு பெரிய கப்பல்!" என்று வாயைப் பிளந்தேன். அவன் சட்டென்று என் கையைப் பிடித்து இழுத்தான்.

"மெதுவாப் பேசுங்க மாமா. இது குட்டி. இப்பத்தான் 24 மீட்டரைத் தாண்டியிருக்கும்."

டவுன் பஸ் இரண்டை வரிசையாக நிறுத்தினால் 24 மீட்டர். அங்கேதான் பெரிய உல்லாசப் படகுக்கான விதிகள் தொடங்குகின்றன. சூப்பர் யாட் என்ற பட்டமும் கிடைக்கிறது. 60ஐத் தாண்டினால் மெகா, 90ஐத் தாண்டினால் கிகா என்பதெல்லாம் விற்பவர்களின் வாய்க்கணக்கு. கல்யாண மண்டபத்துக்கு மினி ஹால், மஹால், பேலஸ் என்று பெயர் வைப்பதைப் போலத்தான். 2013இல் ஜெர்மனியின் லூர்சன் நிறுவனம் கட்டி முடித்த 'அஸ்ஸாம்' 180 மீட்டர், பதினைந்து பஸ். அதற்கு என்ன பட்டம் என்று கேட்டேன். அதுவும் கிகாதானாம். பாவம், அடைமொழி தீர்ந்துவிட்டது.

நீளத்தைவிட வம்பு பிடித்தது கிராஸ் டன். டன் என்றதும் எடை என்று நினைத்தேன். இல்லை, படகுக்குள் மூடிய இடமெல்லாம் சேர்ந்த கொள்ளளவுக் கணக்கு அது. 500ஐத் தொட்டால் கூடுதல் சர்வதேச விதிகள் வந்து தலையில் உட்காரும். அதனால் 499இல் நிறுத்திக் கட்டிய படகுகள் ஏராளம். கோடீஸ்வரர்களும் பாட்டா விலையில்தான் வாழ்கிறார்கள் என்று அறிந்ததில் மனம் குளிர்ந்தது.

பயன்பாட்டிலும் பிரிவுகள் உண்டு. சொந்த உபயோகம், வாடகை: நம் ஊர் வெள்ளை போர்டு, மஞ்சள் போர்டு. பனிக்கடல் வரை போக எக்ஸ்புளோரர். சாமான் சுமக்கத் துணைக்கப்பல். ஜெஃப் பெசோஸின் 127 மீட்டர் பாய்மரப் படகு 'கோரு'வுக்கு, ஹெலிகாப்டர் தளத்தோடு 75 மீட்டரில் 'அபியோனா' துணை. மாப்பிள்ளை காருக்குப் பின்னால் சீர்வரிசை வேன்!

ஒரு படகின் ஏறுபலகை அருகே பிரம்புக் கூடை. எட்டிப் பார்த்தால், உள்ளே விதவிதமான செருப்புகள். தேக்குத் தளத்தில் கீறல் விழக் கூடாதாம். அச்சு அசல் கோயில் வாசல். டோக்கன் கொடுக்க ஆள்தான் இல்லை.

மனைவிக்கு வீடியோ காலில் காட்டினேன்.

"ஏங்க, வாடகைக்குக் கிடைக்குமா?"

"கிடைக்கும்."

"எத்தனை பேர் போகலாம்?"

"மாலுமிகளைச் சேர்க்காம பன்னிரண்டு பேர். பதின்மூணாவது ஆள் ஏறினா, சட்டப்படி அது பயணிகள் கப்பல். விதியே வேற."

விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். "நாம நாலு. எங்க அண்ணன் வீட்ல அஞ்சு. உங்க தங்கச்சி வீட்ல மூணு. அத்தை ஒண்ணு..."

விரல் நின்றது. சிறிது நேரம் சத்தமே இல்லை.

"அத்தையை விட்டுட்டா போக முடியும்? அது வேண்டாங்க. எப்பவும்போல டெம்போ டிராவலரே சொல்லிடுங்க."