பத்து விதிகளும் ஒரு பிளாஸ்டிக் பையும்

ஸ்டான்லி குப்ரிக்கின் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’யைச் சிலாகிக்காத விண்வெளி ரசிகரைப் பார்ப்பது அரிது. 1968இல் வந்த அந்தப் படத்தில் நிலவுக்குப் போகும் டாக்டர் ஃபிளாய்ட், எடையற்ற கழிவறைக்கான பத்து விதிகளைப் பரீட்சை அறைக்குள் நுழையும் மாணவனைப் போல நின்று வாசிப்பார். படமே சிரிக்காத படம். அங்கே மட்டும் மெல்லப் புன்னகைக்கும்.

அடுத்த ஆண்டு மே மாதம் அப்போலோ 10 நிஜமாகவே நிலவுக்குப் போனது. கழிவறை? கிடையாது. உடம்போடு ஒட்டிக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் பை. காரியம் முடிந்ததும் உள்ளே கிருமிநாசினியைப் போட்டு, சப்பாத்தி மாவு போலக் கையால் பிசைய வேண்டும்.

பை சதி செய்தது. மிதந்து வந்த ஒன்றைப் பார்த்து, கலத்தில் இருந்த வீரர்கள் ஸ்டாஃபோர்ட், யங், செர்னன் மூவரும் ‘என்னுடையதில்லை’ என்று கைவிரித்தது நாசாவின் உரையாடல் பதிவில் அப்படியே இருக்கிறது. வாரிசு இன்றுவரை தெரியவில்லை.

பிறகு வந்த விண்வெளி ஓடத்தில் கழிவறை இருந்தது. ஆனால் அதன் துளை சுமார் 10 சென்டிமீட்டர்தான். குறி தப்பாமல் உட்காரப் பூமியிலேயே, அடியில் கேமரா பொருத்திய இருக்கையில், திரையைப் பார்த்தபடி வீரர்கள் பயிற்சி எடுத்தார்கள்.

2020இல் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் புதிய கழிவறை போய்ச் சேர்ந்தது. செலவு: 2.3 கோடி டாலர்.