எந்த லென்சு வச்சிருக்கு?

மட்டிப்பழம் இனி இந்த வீட்டுப் படி ஏறக்கூடாது என்று இன்று காலை உத்தரவு போட்டுவிட்டேன். சாப்பாட்டு மேசையில் தட்டு வைக்க இடமில்லை. ஒரு குலை கறுத்துவிட்டது, ஒன்று கறுக்கப்போகிறது, ஒன்றை நேற்று யார் கொண்டுவந்தார்களோ அவர்கள் மகளுக்கே திருப்பிக் கொடுத்தனுப்பினோம், அவள் கவனிக்கவில்லை. பக்கத்தில் ஹார்லிக்ஸ். எங்கள் வீட்டில் யாரும் ஹார்லிக்ஸ் குடிப்பதில்லை. இந்தப் பாட்டில்களும் புதிதில்லை, எந்தெந்த நோயாளிகளின் வீட்டைச் சுற்றிவிட்டு வந்தவையோ.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். இன்று காலை களியக்காவிளையிலிருந்து பஸ் ஏறி வந்த என் மைனி, செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டாள்:

"பிள்ளே, எந்த லென்சு வச்சிருக்கு?"

லென்ஸ் வைக்கவில்லை. என் கண்ணுக்குள் ஒன்றுமே வைக்கவில்லை. மேல் இமையில் மடிந்து தொங்கின தோலை அரை வட்டமாக வெட்டியெடுத்துவிட்டு, மடிப்போடு சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். அழகுக்குச் செய்கிற ஆபரேஷன். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில், அறுபதை எட்டப்போகிற ஒரு ரிட்டயர்ட் சோசியல் டீச்சர் இதை வாய்விட்டுச் சொல்லிவிட்டு மறுநாள் பால் வாங்கப் போக முடியுமா? "கண்ணில சின்ன ஆபரேஷன்" என்று மட்டும் சொன்னோம். டீச்சர், வயசு, கண், ஆபரேஷன் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து ஊர்தான் கண்புரை என்று தீர்ப்பு எழுதியது. நாங்கள் அப்பீல் போகவில்லை.

ஏன் செய்துகொண்டேன் என்றுதானே கேட்கிறீர்கள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முன் இந்த லென்ஸ் விஷயத்தை இரண்டு வரியில் முடித்துவிடுகிறேன்.

எங்கள் பக்கத்தில் அறுபது தாண்டியவர்களில் கண்புரை எடுக்காத ஆளைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். ஒரு கூட்டம் திருவனந்தபுரத்தில் செய்தது. இன்னொரு கூட்டம் தெற்கே முகாமுக்குப் போய், பஸ்ஸில் திருநெல்வேலி அரவிந்துக்குக் கூட்டிப்போகப்பட்டு, காசில்லாமல் செய்துகொண்டு, பச்சைத் துணியைக் கட்டிக்கொண்டு திரும்பியது. இரண்டு கூட்டத்துக்கும் இடையில் பேச்சு ஒத்துவராது. பிறகு லென்ஸ்வாரியாகப் பிரிவினை: இந்தியன் லென்ஸ்காரர்கள், ஃபாரின் லென்ஸ்காரர்கள், மடக்குற லென்ஸ்காரர்கள். எல்லோருக்கும் மேலே, ஒரே லென்ஸில் கிட்டவும் தூரவும் தெரிகிறவர்கள். அவர்கள் மற்றவர்களின் கண்ணைப் பார்த்துப் பேசுவதே இல்லை.

பேச்சைத் திருப்ப நான் பாடம் எடுத்துப் பார்த்தேன். முப்பது வருஷம் வகுப்பை அடக்கின தொண்டை. லென்ஸ் எப்படி வந்தது தெரியுமா மைனி, இரண்டாம் உலகப்போரில் விமானிகளின் கண்ணுக்குள் விமானக் கூரையின் பிளாஸ்டிக் சில்லுகள் பாய்ந்தன, பாய்ந்த சில்லைக் கண் பகைக்கவில்லை, அதைப் பார்த்துத்தான் ஹெரால்டு ரிட்லி என்ற டாக்டர் 1949-ல் லண்டனில் முதல் லென்ஸை வைத்தார், அப்புறம் 1992-ல் மதுரையிலேயே அரவிந்துக்காரர்கள் ஆரோலேப் என்று தொடங்கி லென்ஸ் செய்து விலையை அடிமாட்டுக்குக் கொண்டுவந்தார்கள் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். மைனி பொறுமையாகக் கேட்டாள்.

"அது கெடக்கட்டும். ஒனக்க லென்சுக்கு எவ்வளவு வாங்கினான்?"

நான் ஒரு தொகை சொன்னேன். அது கூடுதல் என்றாள். குறைத்துச் சொன்னேன். அப்படியானால் மட்டமான லென்ஸ் என்றாள். வைக்காத லென்ஸின் தரத்துக்காக நான் கால் மணி நேரம் வாதாடினேன் என்பதை நினைத்தால் இப்போதும் தையல் இழுக்கிறது.

சரி, இதோடு விட்டாளா? "ரெண்டு கண்ணையும் ஒண்ணா எவனாவது செய்வானா?" என்று ஆரம்பித்தாள். நியாயமான கேள்வி. கண்புரையை ஒரு கண்ணில் செய்து, அது ஆறின பிறகுதான் மற்றதைத் தொடுவார்கள் என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். "எனக்கு ஒரு சொட்டு ரத்தம் வரல்ல. பத்து நிமிசம். மறுநாளு களியக்காவிளை சந்தையில போயி நெத்திலி வாங்கினேன். ஒனக்க மூஞ்சி என்னத்துக்குப் பிள்ளே இப்பிடி இருக்கு?"

மூஞ்சி இப்படித்தான் இருக்கும். இமையில் கத்தி வைத்தால் ரத்தம் கீழே கசிந்து கன்னம்வரை இறங்கும். முதலில் கருநீலம், பிறகு ஊதா, இப்போது ஓரத்தில் பச்சையடித்த மஞ்சள். இமை மடிப்புக்குள் நீல நூல் ஓடுகிறது. கண்ணை மூடினால் வெளி மூலையில் நூலின் நுனி முள் மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும். களிம்பு பூசினால் உலகமே எண்ணெய்க் காகிதத்தின் வழியாகத் தெரியும். தலை உயர்த்தி மல்லாந்து படுக்கவேண்டும், குனியக்கூடாது, கனம் தூக்கக்கூடாது, கண்ணைக் கசக்கக்கூடாது. வந்தவர்களுக்குச் சாயா கொடுக்கக்கூடாது என்று மட்டும் டாக்டர் எழுதவில்லை. எழுதியிருந்தால் பிரேம் போட்டு வாசலில் மாட்டியிருப்பேன்.

மைனிக்குப் பதில் சொல்லமுடியாமல் "சிலருக்கு இப்பிடி வரும்" என்றேன். உடனே அவள் பையிலிருந்து இளநீர்க்குழம்பை எடுத்தாள். ஆயுர்வேதக் கடையில் கண்ணில் எழுதுவதற்கு விற்பார்களே, அதேதான். போட்டால் நல்ல கண்ணே பத்து நிமிஷம் எரிந்து தண்ணீர் கொட்டும். தையலின் மேல் அதை எழுத அவள் குச்சியோடு வந்தாள். நான் கட்டிலின் மறுபக்கம் இறங்கி நின்றேன். நேற்று வந்த பெரியம்மை நந்தியாவட்டைப் பூவைக் கட்டச் சொன்னாள், அது பரவாயில்லை. முந்தின நாள் வந்த ஒருத்தி, கைக்குழந்தையோடு வந்த தன் மருமகளைக் காட்டி, முலைப்பால் ரெண்டு சொட்டு விடலாமே என்றாள். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். இரண்டு பேரும் பாவம்.

1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடும் கல்குளமும் சென்னை மாநிலத்துக்குப் போயின, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றுவிட்டது. எங்கள் சொந்தத்தில் பாதி அந்தப் பக்கம், பாதி இந்தப் பக்கம். மாநிலத்தைப் பிரித்தவர்கள் நலம் விசாரிக்க வருகிறவர்களையும் எல்லையில் நிறுத்தியிருக்கலாம். ஒரு செக்போஸ்ட் போதும். தெற்கே இருந்து வருகிறவர்கள் லென்ஸ் விலை கேட்கிறார்கள். இந்தப் பக்கத்துக்காரர்கள் அதைக் கேட்பதில்லை. அவர்கள் கேட்பது வேறு.

"டீச்சரே, மெடிசெப் கிட்டியா?"

கேரள அரசின் ஊழியர்களுக்கும் பென்ஷன்காரர்களுக்கும் 2022 ஜூலையில் வந்த இன்ஷூரன்ஸ். கண்புரைக்கு உண்டு. அழகுக்குத் தோலை வெட்டினால் எந்த இன்ஷூரன்ஸும் அஞ்சு பைசா தராது. கிடைக்கவில்லை என்றேன். அதுதான் தாமதம். பென்ஷன்காரர் சங்கத்து சார் சாயங்காலமே ஆஜர். கண்புரைக்குப் பணம் மறுத்தார்களா, எந்த ஆசுபத்திரி, பில்லைக் கொடுங்கள், நான் மேலே எழுதுகிறேன், இது டீச்சருடைய பிரச்சினை மட்டுமல்ல, மொத்தப் பென்ஷன்காரர்களுடைய பிரச்சினை என்று குரல் உயர்ந்தது. பில்லில் என்ன ஆபரேஷன் என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. காணாமல் போய்விட்டது என்றேன். டூப்ளிகேட் வாங்கித் தருகிறேன் என்றார். நல்ல மனிதர். எனக்காக உண்ணாவிரதம் இருக்கவும் தயங்கமாட்டார். அதுதான் பயம்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வருஷந்தோறும் நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டுபோய் அம்மச்சிப் பிலாவைக் காட்டுவேன். எட்டுவீட்டுப் பிள்ளைமார் துரத்தினபோது மார்த்தாண்ட வர்மா அந்தப் பிலாவின் பொந்துக்குள் ஒளிந்து உயிர்தப்பினார் என்பது ஐதீகம். அந்தக் காலத்தில் நெய்யாற்றின்கரையில் யார் கண்ணிலும் படாமல் ஒளிய ஒரு பொந்தாவது இருந்திருக்கிறது. ராஜாவின் கொடுப்பினை. பொந்துக்கு வெளியே நின்று எந்த லென்சு என்று கேட்கவும் ஆள் இல்லை.

எங்கள் தெருவில் வளைகுடாவிலிருந்து லீவுக்கு வந்த ஒரு பையன், எர்ணாகுளத்தில் தலையில் முடி நட்டுக்கொண்டு வந்தான். பின்னந்தலையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கி முன்னந்தலையில் ஊன்றினது. மண்டை முழுக்கச் சிவப்புப் புள்ளி. மறுநாள் அவன் அந்த மண்டையோடு சாயாக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். சுற்றிலும் ஆண்கள் குனிந்து பார்க்கிறார்கள், எத்தனை நட்டது, ஒன்றுக்கு என்ன ரேட், எப்போது முளைக்கும் என்று விசாரிக்கிறார்கள். ஒருத்தர்கூட "இந்த வயசில இதெல்லாம் தேவையா?" என்று கேட்கவில்லை. அவனுக்கு மட்டிப்பழமும் யாரும் கொண்டுபோகவில்லை. நோயாளி என்று யாருக்கும் தோன்றவே இல்லை. பெண் தன் முகத்தைத் தொட்டால் மட்டும் ஒன்று அவளுக்கு நோய் இருக்கவேண்டும், இல்லையென்றால் அவளே நோயாக இருக்கவேண்டும்.

என் அம்மச்சியின் காது தோள் வரைக்கும் தொங்கும். சின்ன வயதில் ஓட்டைபோட்டு, வருஷக்கணக்கில் இழுத்து வளர்த்து, பாம்படம் மாட்டின காது. பிறகு காலம் மாறியது, பாம்படம் பெட்டிக்குள் போனது, வெறும் காது ஆடிக்கொண்டிருந்தது. ஒருநாள் ஆசுபத்திரிக்குப் போய்த் தொங்கினதை வெட்டியெடுத்துவிட்டு மீதியை ஒட்டித் தைத்துக்கொண்டு வந்துவிட்டாள். தெற்குச் சீமையில் அவள் காலத்துப் பெண்கள் எத்தனையோ பேர் அப்படிச் செய்துகொண்டவர்கள்தான். வளர்த்ததும் அழகுக்கு, வெட்டினதும் அழகுக்கு. அம்மச்சி திண்ணையில் காதில் மருந்துத் துணியோடு உட்கார்ந்து வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தாளாம். அவளிடம் யாரும் காது கேட்கிறதா என்று விசாரிக்கவில்லை.

நம் நாட்டில் மூக்கையே வெட்டி ஒட்டினவர்கள் இருந்தார்கள். திப்புவின் ஆட்களிடம் மூக்கைப் பறிகொடுத்த ஒரு மாட்டு வண்டிக்காரருக்கு, நெற்றித் தோலைக் கீழே மடக்கிப் புனாப் பக்கத்து ஆள் ஒருவர் புது மூக்கு செய்துகொடுத்தார். 1794-ல் லண்டன் பத்திரிகை ஒன்று அதைப் படத்தோடு போட்டது, வெள்ளைக்கார டாக்டர்கள் பார்த்து அசந்துபோய்க் கற்றுக்கொண்டார்கள். எல்லாம் விவரமாக எழுதினவர்கள், அந்த மனிதர் புது மூக்கோடு ஊருக்குப் போய் இறங்கினபோது எத்தனை மைனிகள் பார்க்க வந்தார்கள் என்று எழுதக்காணோம்.

சரி, ஏன் செய்துகொண்டேன் என்பதற்கு வருகிறேன். போன சித்திரையில் உதியன்குளங்கரையில் ஒரு கல்யாணம். பந்தியில் எதிர் வரிசையில் இருந்த மாப்பிள்ளை வீட்டு அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "டீச்சருக்கு உறக்கம் வருது போல" என்றாள். நான் முழு விழிப்போடு அவியலை அளந்துகொண்டிருந்தேன். இது காரணமில்லை. இதற்கெல்லாம் யாராவது கத்தி வைத்துக்கொள்வார்களா? காரணம் வேறு. அந்தப் பந்தியைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லவேண்டும்: அடைப்பிரதமனை ஊற்றிவிட்டு இலையில் பழம் வைக்காமல் போனார்கள், கேட்டால் தீர்ந்துவிட்டதாம். அவர்கள் என் மேசையை வந்து பார்க்கவேண்டும்.

நாளை தையல் பிரிக்கத் திருவனந்தபுரம் போகிறேன். மைனி ராத்திரி இங்கேயே தங்குகிறாள். தன்னுடைய லென்ஸில் கொஞ்ச நாளாக ஒரு மங்கல் இருக்கிறதாம், அதை என் டாக்டரிடம் ஒருதடவை காட்டிவிடவேண்டுமாம். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவர் வேறு மாதிரி டாக்டர் என்றேன். "கண்ணு டாக்டர்தானே பிள்ளே?" என்றாள். காரில் முன்சீட்டும் அவளுக்குத்தானாம், பின்னால் உட்கார்ந்தால் அவளுக்குத் தலைசுற்றும்.