தூண்டிலுக்கு முன் போனை எடுங்கள்

கேள்வி: ஃபுளோரிடாவில் மகன் வீட்டுக்குப் போகிறேன். கடற்கரையில் தூண்டில் போட ஆசை. சட்டதிட்டம் ஏதாவது உண்டா? பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டால் போதுமா?

பதில்: போதாது. அவர் சொல்வது அவர் கடைசியாக மீன் பிடித்த வருஷத்துச் சட்டம்! 2018-ல் 'செந்நிற அலை' (விஷப்பாசிப் பெருக்கம்) வந்து மீன்கள் செத்து ஒதுங்க, மேற்குக் கரையின் ஒரு பகுதியில் 'ஸ்னூக்' என்ற மீனைப் பிடித்தால் விட்டுவிட வேண்டும் என்று திடீரென்று உத்தரவு வந்தது. அச்சடித்த கையேட்டுக்கு அது எப்படித் தெரியும்? மாநில மீன்வள, வனவிலங்கு ஆணையத்தின் தளத்தைக் கிளம்புகிற அன்று காலையில் பாருங்கள். 'ஃபிஷ் ரூல்ஸ்' என்ற செயலி, நீங்கள் நிற்கிற இடத்துக்கான விதியையே காட்டும். இடம் முக்கியம் சார்: மேற்கே வளைகுடாப் பக்கம் 9 கடல்மைல் வரை மாநிலச் சட்டம், அட்லாண்டிக் பக்கம் 3 மைல்தான், தாண்டினால் மத்திய அரசு.

சுற்றுலா வந்தவருக்குக் கரையிலிருந்து பிடிக்கவும் லைசென்ஸ் வேண்டும். அளவுகோலையும் மறக்காதீர்கள். வளைகுடா ஸ்னூக் 28 அங்குலத்துக்குக் குறைந்தாலும் குற்றம், 33-ஐத் தாண்டினாலும் குற்றம். நம்மூரில் பெரிய மீன் பிடித்தவர் தெருவெல்லாம் காட்டுவார். அங்கே காட்டினால் அபராதம்!