வெர்னியரும் குதிகாலும்

லேத் பட்டறையில் காலம் தள்ளியவனுக்கு எதைப் பார்த்தாலும் அளக்கத்தான் தோன்றும். புதுத் தோசைக்கல் வந்தால்கூட நான் முதலில் வெர்னியரைத்தான் எடுப்பேன். அப்படிப்பட்டவனின் இடது குதிகாலில் கறுப்பாக ஒரு புள்ளி வந்தது. டாக்டரிடம் ஓடியிருப்பேன் என்று நினைப்பவர்களுக்கு என்னைத் தெரியாது.

முதலில் அதற்குக் கால் ஆணி என்று நானே பேர் வைத்தேன். விம்கோ நகர் மெடிக்கல் கடையில் கார்ன் கேப் வாங்கி ஒட்டினேன். ஆணியென்றால் மிதிக்கும்போது குத்த வேண்டும். இது குத்தவில்லை. குத்தாதவரைக்கும் நல்லது என்று இன்னொரு பாக்கெட் வாங்கினேன்.

அப்புறம் அளவெடுப்பு. சுவரில் சாய்ந்து, குதிகாலைத் தூக்கி மடியில் வைத்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, வெர்னியர் தாடையைப் புள்ளியின் இரண்டு ஓரத்திலும் பதித்து, காலண்டர் தாளில் குறித்துக்கொள்வேன். ஐந்து மில்லிமீட்டர், ஆறு, ஏழு. வளர்கிறது என்பதை இவ்வளவு கறாராக எழுதி வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்த ஆள் திருவொற்றியூர் முழுக்கத் தேடினாலும் கிடைக்கமாட்டான்.

"வளருதுன்னு தெரியுதில்ல, அப்புறம் இன்னாத்துக்கு அளந்துனுகீற?" என்றாள் மனைவி. எவ்வளவு வேகத்தில் வளர்கிறது என்று பார்ப்பதாகச் சொன்னேன்.

மெலனோமா என்ற பேரை டிவியில் கேட்டிருந்தேன். வெள்ளைக்காரர்கள் கடற்கரையில் வெயில் காய்ந்து வாங்கிக்கொள்ளும் வியாதி, எண்ணூர் வெயிலில் வெந்த நமக்கு ஏது என்று இருந்தேன். இதில் பாதி சரி. நம் ஆட்களுக்கு அது அபூர்வம்தான். ஆனால் வந்தால் பல நேரம் வெயிலே படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியில் வந்து உட்காரும். பாட்டுக்காரர் பாப் மார்லிக்குக் கால் பெருவிரல் நகத்தடியில்தான் வந்தது. 1977இல் கண்டுபிடித்தார்கள். 1981 மே மாதம், 36 வயதில் போய்விட்டார். என் மகன் அவர் படம் போட்ட பனியனை வருஷக்கணக்கில் போட்டுக்கொண்டு திரிந்தான். இந்த விஷயம் எனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது.

கடைசியில் மகன்தான் மெட்ரோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனான். டாக்டரம்மா புள்ளியைச் சுற்றிலும் கொஞ்சம் நல்ல தோலோடு மொத்தமாக வெட்டியெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். ரிப்போர்ட்டில் மெலனோமாதான், 0.9 மில்லிமீட்டர் என்று வந்தது. எனக்குச் சிரிப்பு. "ஏழும்மா, நான் வெர்னியர் வச்சே பாத்தேன்" என்று காலண்டர் தாளை நீட்டினேன்.

"நீங்க அகலத்தை அளந்திருக்கீங்க ஐயா. எங்களுக்கு வேண்டியது ஆழம்."

1970இல் அலெக்சாண்டர் பிரெஸ்லோ என்ற அமெரிக்க நோய்க்கூறு மருத்துவர் கொடுத்த கணக்காம் இது. எவ்வளவு பரந்திருக்கிறது என்பதைவிட எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்பதில்தான் ஆயுசு இருக்கிறது. வெளியிலிருந்து எவனாலும் அதை அளக்க முடியாது. மெல்லிசாகச் சீவி மைக்ராஸ்கோப்பில் வைத்தால்தான் உண்டு. குதிகால் தோல் தடியாச்சே, அதையும் சேர்த்தா என்று விடாமல் கேட்டேன். இல்லையாம். மேலே இருக்கும் செத்த தோலைத் தள்ளிவிட்டு, அதற்குக் கீழே சிறுமணி அடுக்கு என்று ஒன்று இருக்கிறதே, அதன் மேல்விளிம்பிலிருந்து எண்ண வேண்டும். மேலே புண்ணாகியிருந்தால் புண்ணின் அடியிலிருந்து. ஜீரோ எங்கே வைப்பது என்று தெரியாமல் அளந்தால் ஜாப் ரிஜெக்ட் என்று பட்டறைப் பையன்களைத் திட்டித் தீர்த்தவன் நான்.

வீட்டுக்கு வந்து ஒரு தீக்குச்சியை அளந்தேன். விம்கோ என்ற தீப்பெட்டிக் கம்பெனி பேரில் இருக்கிற ஊரில் வேறு எதை அளப்பது? இரண்டு மில்லிமீட்டருக்குப் பக்கம். என் வியாதி அதில் பாதிகூட இல்லை என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தேன். 0.8க்குக் கீழே, புண்ணும் இல்லாமல் இருந்தால் கட்டி டி1ஏ வகை, 0.8 முதல் 1 வரை டி1பி வகை என்பதை அடுத்த தடவை போனபோதுதான் சொன்னார்கள். கோட்டைத் தாண்டித்தான் நின்றிருந்தேன். கையால் தடவிப் பார்த்ததில் இடுப்பு மடிப்பில் நெறிகட்டி எதுவும் இல்லை. ஆகவே மருத்துவ நிலை 'ஒன்று பி' என்று எழுதினார்கள்.

அடுத்து ஆபரேஷன். சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் அகலமாக வெட்டி, தொடைத்தோலை எடுத்துக் குதிகாலில் ஒட்டினார்கள். கூடவே நீலச்சாயம் ஏற்றி, காலிலிருந்து நிணநீர் முதலில் போய்ச் சேரும் கணுவைத் தேடி எடுத்தார்கள். மறுநாள் சிறுநீர் பச்சையாகப் போனது. கதை முடிந்தது என்று மச்சானுக்குப் போன் போட்டு, பேங்க் பாஸ்புக் இருக்கும் இடத்தையெல்லாம் சொல்லிவிட்டேன். சாயம் வெளியே வருகிறது, அவ்வளவுதான் என்று நர்ஸம்மா சிரித்தார். மச்சான் அதற்குள் எண்ணூரிலிருந்து கிளம்பிவிட்டார்.

கணு சுத்தம். இந்தத் தடவை ரிப்போர்ட்டில் நிலை 'ஒன்று ஏ'. விடுவேனா? யாருடைய ரிப்போர்ட்டையோ என் பைலில் வைத்துவிட்டார்கள் என்று வராந்தாவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். ஒரே காலுக்கு இரண்டு அளவா?

டாக்டரம்மா உட்காரவைத்தார். "முதல்ல எழுதினது கணுவைப் பார்க்காம எழுதினது. டி1பின்னா கணுவுல ஒளிஞ்சிருக்க வாய்ப்பு கொஞ்சம் இருக்கு, அதனால ஒன்று பி. இப்போ கணுவையே சீவிப் பார்த்துட்டோம், ஒண்ணும் இல்ல. அப்படி இருந்தா டி1பியும் ஒன்று ஏதான். கட்டி மாறல, நமக்குத் தெரிஞ்சதுதான் கூடியிருக்கு." 2018இலிருந்து நடைமுறைக்கு வந்த, புற்றுநோய்க்கு நிலை சொல்லும் கையேட்டின் எட்டாம் பதிப்பு விதி இது என்றும், ஆழத்தைப் புள்ளிக்குப் பின் ஓரிலக்கத்தோடு நிறுத்திக்கொள்வார்கள் என்றும் சொன்னார். நூறில் ஒரு பங்கு வரை பார்த்துப் பழகிய எனக்கு அது கொஞ்சம் ஏமாற்றம்தான். அதற்கு மேல் போனால் அளவை நம்ப முடியாது என்றார். வராந்தாவில் இருந்தவர்களிடம் மகன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்தான்.

இப்போது யாரைப் பார்த்தாலும் கண் முதலில் காலுக்குத்தான் போகிறது. டீக்கடையில் ஒரு லாரி டிரைவர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். உள்ளங்காலில் ஒழுங்கில்லாத கறுப்பு, ஓரமெல்லாம் கோணல். ஆழம், கணு, ஒன்று ஏ, ஒன்று பி என்று டீ ஆறும்வரை அவரை மிரட்டினேன். கடைக்காரர் துணியை மண்ணெண்ணெயில் நனைத்துத் துடைத்தார். தார். டிரைவர் இப்போதெல்லாம் என்னைக் கண்டால் ஷூ போட்டுக்கொள்கிறார்.